பாலை நிலத்து இருவாட்டி மண்ணும் பதிவேட்டுத் தரிசும்

இருவாட்டி மண் என்றாலே உழவுக்கு உகந்த மண் என்று கொள்வது நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். மணலும் நுண்வண்டலும் களியும் அளவோடு கலந்திருப்பதால் அது நீரைத் தாங்கும், காற்றை உள்ளே விடும், ஏருக்கும் இணங்கும் என்று பாடநூல்கள் அதைப் புகழ்கின்றன. மண்ணியலார் வகுத்துள்ள அளவுப்படி அதில் களி நூற்றுக்கு 7 முதல் 27 பங்கு வரையிலும், நுண்வண்டல் 28 முதல் 50 பங்கு வரையிலும் இருக்கும், எஞ்சியது மணல். அந்தப் புகழ்ச்சி பொய்யன்று. ஆனால் அது மழையுள்ள நாட்டு அனுபவத்தில் பிறந்த புகழ்ச்சி. பாலைப் பிரதேசத்தில், மலையடிவாரத்து விசிறிப் படிவங்களின் மேல் அமைந்துள்ள இருவாட்டி மண்ணுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு. இத்தவறு ஏட்டோடு நிற்பதில்லை. கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, ‘நல்ல மண், வீணே கிடக்கிறது’ என்று அதிகாரி ஒருவர் எழுதும் ஒரு வரியினால், தலைமுறை தலைமுறையாக ஆடுமாடுகளைக் காத்துவந்த புல்வெளி ஒரே கோடையில் உழுபடை நிலமாகி விடுகிறது.

விசிறிப் படிவம் உண்டாகும் வகை எளியது. மலையிடுக்கிலிருந்து பாய்ந்து வரும் காட்டாறு சமவெளியைத் தொட்டதும் சரிவு குறைந்து வேகம் இழக்கிறது. சுமந்து வந்த கல்லையும் மணலையும் சேற்றையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. இறக்கிய சுமையே பாதையை அடைத்துக்கொள்ள, அடுத்த வெள்ளம் வலப்புறமோ இடப்புறமோ புதுப் பாதை தேடுகிறது. இவ்வாறு மாறி மாறிப் பாய்ந்ததன் பயனாக, இடுக்கின் வாயை முனையாகக் கொண்டு, விரித்து வைத்த விசிறி போலப் படிவு பரவுகிறது. ஆரவல்லி மலைத்தொடரின் மேற்குப் புறத்தில், பாலி, சிரோஹி, ஜாலோர் மாவட்டங்களில், இத்தகைய படிவங்கள் ஒன்றோடொன்று கலந்து மலையடியில் அமைந்துள்ளன. அங்கிருந்து இறங்கும் சுக்ரி, பாண்டி, மித்ரி, ஜவாய் முதலிய காட்டாறுகள் லூனி நதியைச் சேர்கின்றன. லூனியோ கடலைக் காணாமலே கச்சுப் பகுதியின் ரண் என்னும் உவர்ச் சதுப்பில் முடிந்துபோகிறது.

விசிறியின் முனையில் கற்களும் பரலும் தங்கும், நடுவில் மணல், அடிப்புறத்தில் நுண்வண்டலும் களியும். இருவாட்டி மண் பெரும்பாலும் நடுப்பகுதிக்குக் கீழே காணப்படும். ஆயினும் இந்த ஒழுங்கை வரைபடத்தில் கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆறு பாதை மாற்றிய இடங்களில் பழைய படிவும் புதிய படிவும் அருகருகே கிடக்கும். நூறு அடி தள்ளி நடந்தால் மண்ணின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மாறிவிடக் கூடும். மேற்பரப்பில் இரண்டும் ஒரே பழுப்பு நிறம்; தோண்டிப் பார்த்தவருக்கே வேறுபாடு தெரியும்.

மண்ணுக்கும் மழைக்கும் உள்ள கணக்கே இங்கு முக்கியமானது. நன்கு உலர்ந்த மணலில் 15 மி.மீ. மழை பெய்தால் ஈரம் ஏறத்தாழ 20 செ.மீ. ஆழம் வரை இறங்கும். அதே மழை இருவாட்டி மண்ணில் ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடும், ஏனெனில் இம்மண் ஒவ்வோர் அங்குலத்திலும் மிகுதியான நீரைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. மழை நாட்டில் இந்தக் குணமே இதன் பெருமை. மேற்கு ராஜஸ்தானத்திலோ ஆண்டு மழை ஜைசல்மேர்ப் பக்கம் 200 மி.மீ.க்கும் குறைவு, ஜோத்பூரில் சுமார் 360 மி.மீ.; ஆவியாக்க வல்ல வெப்பமும் காற்றும் சேர்ந்து ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மி.மீ. நீரை உறிஞ்சத் தயாராக நிற்கின்றன. மேல் 10 செ.மீ. ஈரம் சில நாட்களில் வெயிலுக்கு இரையாகிறது. 20 செ.மீ. ஆழத்தில் ஒதுங்கிய ஈரத்தையோ மேலே உலர்ந்த மணலே போர்வையாகிக் காக்கிறது. மழை குன்றிய நாட்டில் பருமணல் நிலமே நுண்மண் நிலத்தைவிடச் செழிப்பான தாவரத்தைத் தாங்கும் என்ற இக்கருத்தை, இஸ்ரேலியத் தாவர அறிஞர் இமானுவேல் நோய்-மெய்ர் 1973-இல் தெளிவாக எடுத்துரைத்தார். ஏறக்குறைய 300 முதல் 500 மி.மீ. மழை எல்லையில் இந்நிலை தலைகீழாக மாறுகிறது என்பதும் அவர் கணிப்பு. தஞ்சாவூரில் மெய்யான பாடம் ஜைசல்மேரில் பொய்யாவது இதனால்தான்.

அப்படியானால் விசிறிப் படிவத்து இருவாட்டி மண்ணில் புல் வளர்வது எவ்வாறு என்று கேட்கலாம். விடை மண்ணில் மட்டும் இல்லை. அதன் இருப்பிடத்தில் இருக்கிறது. அது தன் தலையில் விழும் மழையை மட்டும் நம்பி வாழும் மண்ணன்று. மேலே உள்ள பாறைச் சரிவுகளில் விழும் மழை வழிந்து, விசிறியின் மேல் மெல்லிய பரவு வெள்ளமாக ஓடிவருகிறது. அந்த வெள்ளத்தைப் புற்குத்துகள் ஆங்காங்கே தடுத்து நிறுத்தி, வேர் வழியே மண்ணுள் இறக்குகின்றன. வழிந்து வரும் நீர், அதை நிறுத்தும் புல், நிறுத்திய நீரைப் பிடித்து வைக்கும் மண் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி மேய்ச்சல் நிலம் இல்லை. மூன்றில் புல் மட்டுமே மனிதன் கையால் எளிதில் அழியக்கூடியது.

புல் போனபின் நடப்பதைக் களப்பணியாளர் பலரும் கண்டிருப்பர். நுண்வண்டல் மிகுந்த இம்மண்ணின் மேல் மழைத்துளி நேரே மோதினால், மேற்பரப்பின் நுண்துளைகள் அடைபட்டுப் பொருக்குத் தட்டிவிடும். வெயிலில் அப்பொருக்கு ஓடு போல் இறுகும். விதை முளைத்தாலும் அதைப் பிளந்து வெளிவர வலிமை வேண்டும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வழிந்தோடும் நீர் கூடிக் கூடிக் கீறல்களையும், பின்னர் ஓடைகளையும் அறுக்கும். இம்மண்ணில் அங்ககக் கரியின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. துகள்களைப் பிணைத்து வைக்கும் அந்தச் சிறு செல்வமும் மேல்மண்ணோடு போய்விடுகிறது. நீலப்பசும்பாசிகளும் லைக்கன்களும் சேர்ந்து பின்னும் உயிர்ப்பொருக்கு என்று ஒன்றுண்டு. அது மண்ணைக் காப்பது. மழை அடித்து உண்டாகும் பொருக்கோ வெறும் அடைப்பு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்வோர் உண்டு.

அடிமண்ணில் காணப்படும் சுண்ணாம்பு மற்றொரு சாட்சி. காற்று கொண்டுவரும் தூசியில் உள்ள சுண்ணாம்பை மழைநீர் கரைத்துக் கீழே எடுத்துச் செல்கிறது. ஈரம் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே படியவிடுகிறது. ஆகவே சுக்கான்கல் தொடங்கும் ஆழம், அந்நிலத்தில் நெடுங்காலமாக மழை இறங்கிவந்த ஆழத்தை ஒருவாறு காட்டும். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்து லாஸ் குரூசெஸ் நகரை அடுத்த பாலையில் 1957 முதல் 1972 வரை மண்காப்புத் துறையினர் நடத்திய ஆய்வு இதை விரிவாக விளக்கியது. இளமையான படிவங்களில் சுண்ணாம்பு வெண்ணிற நூலிழையாகவோ, கற்களின் மேல் மெல்லிய பூச்சாகவோ இருக்கும்; வயது ஏற ஏற முடிச்சுகளாகி, துளைகளை அடைத்து, முடிவில் தகடு போல் இறுகிவிடும். வேர் அதைத் துளைக்காது. மேலே முக்கால் அடி நல்ல மண் இருந்தும் கீழே இந்தத் தளம் இருந்தால், அந்த நிலத்தில் உழுது விதைப்பவன் முதல் வறட்சியிலேயே விதையையும் இழப்பான்.

அதே நியூ மெக்ஸிகோவில் ஹோர்னாடா என்னும் மேய்ச்சல் நிலத்தை அந்நாட்டு அரசு 1912-இல் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியது. அங்கே நில அளவையாளர் 1858-இல் எழுதிவைத்த குறிப்புகளையும் 1963-ஆம் ஆண்டின் நிலையையும் ஒப்பிட்டு 1965-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழ 58,000 ஹெக்டேர் பரப்பில் 1858-இல் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நல்ல புல் இருந்தது; 1963-இல் 25 பங்குக்கும் குறைவு. மிகுதியான மேய்ச்சலும் வறட்சியும் சேர்ந்து புல்லை நீக்க, அவ்விடத்தைப் புதர்கள் பிடித்துக்கொண்டன. அங்கு 1930-களில் புதர்க்காடுகளில் வேலியிட்டுக் கால்நடையை முற்றிலும் விலக்கிய இடங்களிலும் பழைய புல் பெரும்பாலும் மீளவில்லை. மேய்ச்சலை நிறுத்தினால் நிலம் தானே தேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு தடை. மேல்மண் அரித்து, பொருக்குத் தட்டி, நீரின் வழியே மாறிவிட்ட பிறகு, வேலி மட்டும் மருந்தாகாது.

மேற்கு ராஜஸ்தானத்தின் நிலை அவ்வளவு கைவிட்டுப் போகவில்லை. இங்கு பல இடங்களில் வேர் இன்னும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. 1952-இல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959-இல் மத்திய வறட்சிப் பிரதேச ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்த நிறுவனம், வேலியிட்டுக் காத்த புல்வெளிகளில் தாமண், சேவண் முதலிய பல்லாண்டுப் புற்கள் மீண்டு தழைப்பதைக் காட்டியுள்ளது. மணற்பாங்கில் சேவணும், இருவாட்டி மண்ணில் தாமணும் சிறந்து வளர்வன. தாமண் என்பது தமிழ்நாட்டில் கொழுக்கட்டைப் புல் என்று வழங்கும் அதே புல்தான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களின் கீழ் வளர்ந்து, பெயர்பெற்ற அந்த மாடுகளுக்குத் தீனியாவதும் இதுவே. ராஜஸ்தானத்தார் கேஜ்ரி என்று போற்றும் மரம் நம்முடைய வன்னி. பெயர்கள் வேறாயினும் தாவரங்கள் அந்நியமானவை அல்ல.

நிலம் சீர்கெடும் வரிசையையும் புல்லே சொல்லிவிடும். முதலில் தாமண் குறையும். பின் ஒரு பருவத்தோடு மடியும் துடைப்பப் புல் வகைகளும், முள்விதை கொண்ட புருட் என்னும் புல்லும் பெருகும். கடைசியில் ஆடும் தீண்டாத கொழிஞ்சி மட்டும் பச்சென்று நிற்கும். பசுமையைக் கண்டு ‘நிலம் தேறிவருகிறது’ என்று அறிக்கை எழுதுவோரும் இருக்கின்றனர்! கொழிஞ்சி தழையுரத்துக்கு நல்ல செடி என்பது உண்மை. மேய்ச்சல் நிலத்தில் அது மிகுந்து நிற்பது நோயின் குறி.

டிராக்டர் வந்தபின் கேடு விரைந்தது. நாட்டுக் கலப்பை கீறிய நிலத்தில் போர்டி என்னும் இலந்தைப் புதரின் அடிவேரும் வன்னிக் கன்றும் தப்பிப் பிழைத்தன; உழவில்லாத ஆண்டில் அவை மீண்டும் துளிர்த்து ஆடுகளுக்குத் தழை தந்தன. வட்டத் தகட்டுக் கலப்பை அவற்றை வேரோடு புரட்டிப் போடுகிறது. விசிறிச் சரிவில் மேலே ஒருவன் உழுதால் இழப்பு அவனோடு முடிவதுமில்லை. பரவி வந்த வெள்ளம் அவன் உழவுசாலிலும் அறுத்த ஓடையிலும் ஒன்றுகூடி விரைந்தோடுவதால், கீழே உள்ள பொது மேய்ச்சல் நிலம் நீரின்றிக் காய்கிறது. ஒருவன் பெற்ற பட்டாவுக்கு ஊரார் கால்நடை விலை கொடுக்கிறது. ராயிக்கா முதலிய இடையர் குலத்தாருக்கு நிலவுரிமைப் பத்திரம் ஏதும் பெரும்பாலும் இல்லை. ஆகவே இந்த விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கணக்கு என்னும்போது சொற்களையும் கவனிக்க வேண்டும். 1948-இல் அமைந்த வேளாண்மைப் புள்ளிவிவரக் குழு பரிந்துரைத்த ஒன்பது வகை நிலப்பாகுபாட்டில், ‘நிரந்தரப் புல்வெளிகளும் ஏனைய மேய்ச்சல் நிலங்களும்’ என்பது ஓர் இனம். ‘சாகுபடிக்கேற்ற தரிசு’ என்பது வேறோர் இனம். இரண்டு கட்டங்களும் பதிவேட்டில் அருகருகே இருக்கின்றன. பேனா சற்று நகர்ந்தால் போதும். தமிழில் ‘தரிசு’ என்பது உழக்கூடியதாயிருந்தும் உழாது கிடக்கும் நிலத்தைக் குறிக்கும். அச்சொல்லிலேயே உழவேண்டும் என்ற கட்டளை மறைந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘வேஸ்ட் லேண்ட்’ என்பதோ வரி தராத நிலத்தையெல்லாம் வீண் என்று ஒதுக்கிய பழைய வருவாய்த் துறையின் வழக்கு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி மொழிபெயர்த்ததில், வரி தராத புல்வெளி உழவேண்டிய புல்வெளி ஆகிவிட்டது. தமிழ்நாட்டு வருவாய்ப் பதிவுகளில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றொரு சொல் இருக்கிறது. அந்நிலம் எதற்கு உரியது என்பதை அது சொல்லிலேயே காட்டுகிறது. ராஜஸ்தானத்துக் கிராமங்களிலும் கோசர் என்றால் மேய்ச்சல் நிலம், ஓரண் என்றால் தெய்வத்துக்கு விட்ட காப்புநிலம். மக்களிடம் சொல் இல்லாமற் போகவில்லை.

தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் 1985-இல் நிறுவப்பட்டது. விண்கோள் படங்களைக் கொண்டு தயாரித்து 2019-இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுதி, 2015-16-இல் நாட்டில் இத்தகைய நிலம் 5.58 கோடி ஹெக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் என்கிறது. சீர்கெட்ட மேய்ச்சல் நிலமும் இத்தொகையில் ஓர் இனமாக அடங்கியிருக்கிறது. சீர்கெட்டதைச் சீர்படுத்த அடையாளம் காண்பது நன்றே. ஆனால் தரிசு என்ற தலைப்பின் கீழ் வந்த நிலம், புல்லுக்குத் திரும்புவதைவிட வேறு எதற்காவது ஒதுக்கப்படுவதே எளிதாகிவிடுகிறது. ஜைசல்மேர்ப் பகுதியில் பரந்த வெளிகள் கதிரவன் மின்னிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் சென்றுள்ளமை யாவரும் அறிந்ததே. மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லார். எந்த மண்ணின் மேல் என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும்.

பெருகிவரும் மக்களுக்கு உணவு வேண்டாமா, பாலையில் கம்பும் பயறும் விளையவில்லையா என்று எதிர்வாதம் எழும். அது தள்ளத்தக்க வாதமன்று. அந்நாட்டார் தாமே இதற்கு விடை கண்டிருக்கின்றனர். ஜைசல்மேர்ப் பகுதியில் பாலிவால் பிராமணர்கள் 15-ஆம் நூற்றாண்டு முதல் அமைத்துவந்த காதீன்களைப் பார்க்கலாம். பாறை மேட்டில் வழியும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் மண்கரை கட்டித் தேக்கி, மண் நனைந்தபின் நீரை வடித்து, மிஞ்சிய ஈரத்தில் கோதுமையும் கடலையும் விளைவித்தனர். உழவு உண்டு, ஆனால் நுண்மண்ணும் வழிநீரும் தாமே வந்து சேரும் சிறு தாழ்விடத்தில் மட்டும். நீர் தரும் மேட்டை அவர்கள் உழவில்லை. அகன்ற சரிவை மேய்ச்சலுக்கு விட்டு, அதன் அடியில் ஒரு சிறு துண்டை ஏருக்கு ஒதுக்கும் இந்த முறையை இன்றைய நிலப்பங்கீட்டுக் குழுக்கள் ஏன் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது?

களப்பணியாளர் செய்யக்கூடியது அரிதன்று. விசிறிப் படிவத்தில் ஒரு குழி போதாது. முனை, நடு, அடி என மூன்று இடங்களிலாவது ஒரு மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எந்த ஆழத்தில் நுரைக்கிறது, சுக்கான்கல் முடிச்சாக இருக்கிறதா தகடாக இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். ஒரு பெரிய மழைக்கு மறுநாள் அதே இடங்களில் ஈரம் எத்தனை செ.மீ. இறங்கியிருக்கிறது என்று இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால், ஆய்வுக்கூட அறிக்கை ஒரு மாதம் கழித்துச் சொல்வதைவிட முக்கியமான செய்தி கிடைக்கும். மண்ணின் நயத்தை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் மழை இறங்கிய ஆழத்துக்கென ஒரு கட்டம் நம் மண்ணளவைப் படிவங்களில் இல்லாதது பெருங்குறை.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். புல்லடியில் எடுத்த உலர்ந்த மண்ணாங்கட்டி ஒன்றையும், மொட்டை வெளியில் எடுத்தது ஒன்றையும் இரண்டு கண்ணாடிக் குவளை நீரில் ஒருசேர இடவேண்டும். இரண்டாவது பெரும்பாலும் நொடிகளில் கரைந்து சேறாகும். முதலாவது வெகுநேரம் உருக்குலையாமல் இருக்கும். இரண்டும் ஒரே இருவாட்டி மண், ஒரே நிறம். வேறுபாட்டை மாணவர் தாமே ஊகித்துச் சொல்வர். மண் வகைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது மேல்.

அண்மையில் இரண்டு நிகழ்ச்சிகள் இப்பொருளைப் பொதுமக்கள் கவனத்துக்குக் கொண்டுவந்துள்ளன. மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையர்களுக்கும் உரிய ஆண்டாக 2026-ஐ ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022-இல் அறிவித்தது. ராஜஸ்தானத்தின் ஓரண் முதலிய காப்புநிலங்களைத் தரையிலும் விண்கோள் படத்திலும் அளந்து வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அளக்கச் செல்வோர் எந்த மாதத்தில் செல்கின்றனர் என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். மே மாதத்தில் தாமண் புல் தரையோடு தரையாக மேயப்பட்டு, சாம்பல் நிறக் கட்டைகளாகத் தூசியில் அமிழ்ந்திருக்கும்; விண்கோள் படத்தில் அது வெற்று மண்ணாகவே தெரியும். ஆண்டு மழையில் பெரும்பங்கு பெய்து முடியும் செப்டம்பரில் அதே குத்துகள் முழங்கால் உயரம் நிற்கும். இரு பருவத்திலும் ஒருமுறை நடந்து பாராமல் எந்த நிலத்தையும் தரிசு என்று எழுதலாகாது என ஒரு விதி இருந்தால், அளவையாளருக்குக் கூடும் வேலை ஒரு பயணம் மட்டுமே.